மோடம் போயிடுச்சா, டிரைவர் காணோமா? பழைய கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கும் முன் பாருங்க



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா மட்டும் கிளம்பாமல் நின்றார். கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள்ளே ஒரு மடிக்கணினி. மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள், மடிக்கணினி அம்மாவிடமே தங்கிவிட்டது. குழுவின் சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கித் தவணை எல்லாவற்றையும் மூன்று வருடமாக அதில்தான் எக்செலில் போட்டுவருகிறார்.

“டேட்டா கார்டு வேலை செய்யலைங்க. கடைக்குக் கொண்டுபோனேன். மோடம் போயிடுச்சு, புதுசு வாங்கணும், விண்டோஸையும் அழிச்சிட்டுத் திரும்பப் போடணும், 2,500 ரூபாய் ஆகும்னு அந்தத் தம்பி சொல்லுது. கொடுத்துடட்டுமா?”

நாங்கள் கேட்ட முதல் கேள்வி மோடத்தைப் பற்றியது இல்லை. “கணக்கையெல்லாம் வேற எங்கயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா அக்கா?” என்றுதான் கேட்டோம். “இல்லையே” என்றார்.

அப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொரு குழுவில் இதே கதைதான் நடந்தது. நெட் வரவில்லை என்று கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். கடையில் ‘ஃபார்மேட்’ செய்து, பளிச்சென்று திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த 14 மாதக் கணக்கும் சேர்ந்து பளிச்சென்று போய்விட்டது. கையால் எழுதிய நோட்டு இருந்ததால் குழு பிழைத்தது. ஆனால் ஒரு உறுப்பினரின் இரண்டு தவணை நோட்டில் ஏறியிருக்கவில்லை, கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அவர் கட்டினேன் என்றார், மற்றவர்கள் ஞாபகம் இல்லை என்றார்கள். பேச்சு முற்றி, அந்த அக்கா குழுவை விட்டே நின்றுவிட்டார். இத்தனைக்கும் அங்கே பழுது ஒன்றுமே இல்லை. காணாமல் போயிருந்தது டிரைவர் மட்டும்தான்.

அதனால் மோடம், டிரைவர் என்றால் என்ன, எது கெட்டால் என்ன தெரியும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக்கூடாது என்று இந்த இதழில் எழுதுகிறோம். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எடுத்து வையுங்க.

கம்ப்யூட்டருக்கும் டிரைவரா?

கூட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. பஸ் ஓட்டுகிற டிரைவர் மாதிரிதான் எல்லோருக்கும் மனதில் வருகிறது. அதை விட இதை நினைத்துக்கொள்ளுங்க. நாம் முதன்முதலாகக் கணக்குத் தொடங்கப் போனபோது வங்கி மேலாளர் வெளிமாநிலத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு அவர் மொழி தெரியாது. நடுவில் களப்பணியாளர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசினார், வேலை நடந்தது. அவர் லீவு போட்ட அன்றைக்கு மேலாளரும் இருக்கிறார், நாமும் இருக்கிறோம், ஆனால் ஒரு வேலையும் நடக்காது. அதற்காக மேலாளரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்வோமா?

கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே பேசுகிற அந்த ஆள்தான் டிரைவர். அது ஒரு சின்ன மென்பொருள், கையால் தொட முடியாது. மோடம் என்பது கையில் பிடிக்கிற பொருள். கம்ப்யூட்டரின் கணக்கு மொழியைக் கம்பியிலோ காற்றிலோ போகிற அலையாக மாற்றி அனுப்பும், வருகிற அலையைத் திரும்பக் கணக்கு மொழியாக்கும். மாடுலேட்டர், டீமாடுலேட்டர் என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துத்தான் மோடம் என்று பேர் வைத்தார்கள்.

எங்கள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது டேட்டா கார்டு எல்லாம் கிடையாது. டெலிபோன் வயரைக் கழற்றிக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகுவோம். கீ... கர்ர்... என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் நெட் வரும். நெட்டில் இருக்கும்போது யாரும் போன் பண்ண முடியாது. வட்டார அலுவலகத்திலிருந்து திட்டு வாங்கியது தனிக்கதை. அந்த மோடம் ஒரு அட்டை மாதிரி உள்ளேயே இருந்தது. விலையைக் குறைக்க, அந்த வகை அட்டைகளில் மூளை வைக்காமலே செய்தார்கள். மோடம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை டிரைவர் வழியாகக் கம்ப்யூட்டரே செய்யும். ‘வின்மோடம்’ என்று பேர். அதனால் டிரைவர் சி.டி. தொலைந்தால் மோடமே தொலைந்த மாதிரி. விண்டோஸ் 98-க்குக் கொடுத்த சி.டி. அடுத்து வந்த எக்ஸ்பிக்கு எல்லா நேரமும் ஒத்துவரவும் இல்லை. நாங்கள் ஒரு மாதம் அலைந்தோம்.

இப்போது வீடுகளில் இருப்பது பெரும்பாலும் யு.எஸ்.பி. டேட்டா கார்டுதான். டாங்கிள், நெட்செட்டர் என்றும் சொல்வார்கள். அதுவும் மோடம்தான், உள்ளே சிம் போட்ட மோடம். பொருள் மாறினாலும் டிரைவர் தகராறு மாறவில்லை.

முதலில் காப்பி

எதையும் தொடும் முன் குழுக் கணக்கு இருக்கும் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்க. கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இதுதான் முதல் வேலை. எடுத்ததும் அந்தப் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஃபைல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்க. காப்பி எடுத்தோம் என்று நினைத்து, வெறும் ஷார்ட்கட்டை மட்டும் எடுத்து வந்தவர்கள் உண்டு. அது திறக்காது.

அந்த அக்காவுக்கும் இதைத்தான் முதலில் செய்தோம். பத்து நிமிடம் ஆனது. அப்புறம்தான் டேட்டா கார்டைச் செருகினோம்.

கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரிகிறதா?

மை கம்ப்யூட்டர் படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கி ப்ராப்பர்ட்டீஸ் போங்க. விண்டோஸ் 7-இல் இடது பக்கத்திலேயே டிவைஸ் மேனேஜர் என்று இருக்கும். எக்ஸ்பியில் மேலே ஹார்ட்வேர் என்ற தாவலுக்குள் இருக்கும். திறந்தால் கம்ப்யூட்டரோடு சேர்ந்த பொருள் எல்லாம் பட்டியலாக வரும். நம் வருகைப் பதிவேடு மாதிரிதான்.

அதில் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்க. தெரிந்தால் பயப்படாதீங்க, அது நல்ல சேதிதான். பொருள் உயிரோடு இருக்கிறது, வந்திருக்கிறேன் என்று கையைத் தூக்குகிறது, பேசத்தான் ஆள் இல்லை என்று பெரும்பாலும் அர்த்தம். டேட்டா கார்டைச் செருகியும் பட்டியலில் ஒரு மாற்றமும் இல்லை என்றால்தான் கவலை. அப்போதும் உடனே முடிவு கட்ட வேண்டாம். வேறு துளையில் செருகுங்க. மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் போடுங்க. டேட்டா கார்டு கரண்டை நிறைய இழுக்கும், முன்பக்கத் துளைகளுக்கும் நீளமான எக்ஸ்டென்ஷன் வயருக்கும் அந்த சக்தி சில நேரம் போதாது. செருகியதும் வருவதும் போவதுமாக இருந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். அதற்கும் மசியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்க. அங்கேயும் தெரியவில்லை என்றால் மோடம் போய்விட்டது என்று கடைக்காரர் சொல்வதை நம்பலாம்.

மஞ்சள் குறி இருக்கும் வரியை இரண்டு முறை தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘கோட்’ என்று ஒரு எண் இருக்கும். இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. 28 என்றால் டிரைவர் போடவே இல்லை. 22 என்றால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வலது பொத்தானை அமுக்கி எனேபிள் கொடுத்தால் போதும். பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிவிட்டுப் போவதால் இது அடிக்கடி வரும். 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் பொருளை எழுப்ப முடியவில்லை. பெரும்பாலும் தப்பான டிரைவர், இல்லை என்றால் பழைய டிரைவர். 43 என்றால் அந்தப் பொருளே கோளாறு சொல்கிறது. கழற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மறுபடி செருகிப் பாருங்க. திரும்பத் திரும்ப 43 வந்தால் மோடம் மேலேயே சந்தேகப்படலாம்.

அக்காவின் மடிக்கணினியில் வந்தது 28. கடைக்காரர் 2,500 சொன்னது இந்த 28-க்குத்தான்.

டிரைவர் எங்கே கிடைக்கும்?

இதில் ஒரு வேடிக்கை. டேட்டா கார்டு கம்பெனிகள் டிரைவரை அந்தக் கார்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். கார்டைச் செருகியதும் அது முதலில் தன்னை மோடம் என்று சொல்லிக்கொள்ளாது, ஒரு சி.டி. மாதிரி வேஷம் போடும். அந்த சி.டி.யில் இருக்கும் மென்பொருளைப் போட்டு முடித்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாக மாறும். அந்தக் காலத்தில் செருகியவுடனே இதெல்லாம் தானாக ஓடியது. இப்படித் தானாக ஓடுவதில் வைரஸும் சேர்ந்து ஓடிவந்ததால் பின்னால் அந்த வசதியைப் பலவற்றில் அடைத்துவிட்டார்கள். அதனால் இப்போது கார்டைச் செருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

மை கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்க. புதிதாக ஒரு சி.டி. படம் வந்திருக்கும். அதைத் திறந்து ‘செட்டப்’ அல்லது ‘ஆட்டோரன்’ என்று இருப்பதைத் தட்டுங்க. முடிந்ததும் கார்டைக் கழற்றி மறுபடி செருகுங்க. அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு பேரன் விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறான், அப்போது பழைய டிரைவர் அழிந்திருக்கிறது. உள்ளே இருந்த சி.டி.யைத் தட்டினோம். டீ வருவதற்குள் மஞ்சள் குறி போய்விட்டது. அக்கா முகத்தைப் பார்க்கணுமே!

எல்லாக் கார்டும் இவ்வளவு சுலபமாக வழிக்கு வராது. கார்டு பழசு, விண்டோஸ் புதுசு என்றால் உள்ளே இருக்கும் டிரைவர் ஒத்துப்போகாது. விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு ரகம் உண்டு, ஒன்றின் டிரைவர் மற்றதற்கு ஆகாது. ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் எந்த ரகம் என்று இருக்கும். நேற்று வரை ஓடி, அப்டேட் ஆனபின் நின்றது என்றால் புதிதாக ஒன்றும் போட வேண்டாம். அதே பெட்டியில் டிரைவர் என்ற தாவலில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்று இருக்கும். தட்டினால் பழைய ஆளே வேலைக்குத் திரும்புவார்.

வெளியே டிரைவர் தேட வேண்டி வந்தால் மோடத்தின் சாதி சனம் தெரியணும். டிவைஸ் மேனேஜரில் அந்த வரியின் ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐ.டி. என்று தேர்ந்தெடுத்தால் நீளமாக ஒரு எண் வரும். அதில் வி.ஐ.டி. என்பது கம்பெனி, பி.ஐ.டி. என்பது மாடல். வி.ஐ.டி. 12டி1 என்றால் ஹுவாவே, 19டி2 என்றால் இசட்.டி.இ. பழைய டெலிபோன் மோடம் அட்டையாக இருந்தால் வி.இ.என். என்று வரும். 14எஃப்1 என்றால் கோனெக்சன்ட், 11சி1 என்றால் லூசென்ட். கார்டின் மேல் எந்த சிம் கம்பெனியின் படம் ஒட்டியிருந்தாலும், உள்ளே செய்தவர் யார் என்பதை இந்த எண்தான் சொல்லும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெட்டில் டிரைவர் என்று தேடினால், ‘ஒரே தட்டில் எல்லா டிரைவரும் சரியாகும்’ என்று விளம்பரம் வரும். தட்டாதீங்க. போட்ட பிறகு பணம் கேட்கும், இல்லை என்றால் வேண்டாத எதையாவது உள்ளே விடும். அதைவிட மோசம், கஸ்டமர் கேர் நம்பர் என்று போட்டிருக்கும் போலி நம்பர்கள். பேசுகிறவர் மரியாதையாக “மேடம், ஒரு ஆப் போடுங்க, நான் இங்கிருந்தே சரி பண்ணித் தர்றேன்” என்பார். போட்டால் நம் திரை முழுக்க அவர் கண்ணுக்குத் தெரியும், ஓ.டி.பி.யும் தெரியும். குழுக் கணக்கில் இருப்பது பத்துப் பதினைந்து பேர் வாயைக் கட்டிச் சேர்த்த காசு. இப்படி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் போடுங்க, வங்கிக்கும் சொல்லுங்க.

டிரைவர் வந்தும் நெட் வரலையே?

அக்காவுக்கும் அப்படித்தான் ஆனது. மஞ்சள் குறி போய்விட்டது, ஆனால் கனெக்ட் கொடுத்தால் நிற்கவில்லை. இப்போது குற்றவாளி மோடமா, டிரைவரா, வெளியே இருக்கும் டவரா? டிவைஸ் மேனேஜரில் மோடம்ஸ் என்ற தலைப்பின் கீழ் நம் மோடத்தைத் தட்டி, டயக்னாஸ்டிக்ஸ் என்ற தாவலில் ‘க்வெரி மோடம்’ அமுக்குங்க. கம்ப்யூட்டர் மோடத்தைக் கூப்பிட்டுப் பேர், விவரம் கேட்கும். நாலைந்து வரி பதில் வந்தால் மோடம் நலம், டிரைவரும் நலம். தகராறு அதற்கு வெளியேதான். கடைக்காரர் முன்னாலேயே இதைச் செய்து காட்டலாம்.

கனெக்ட் ஆகாதபோது வரும் எண்களும் சேதி சொல்லும். 633 வந்தால் வேறொரு மென்பொருள் மோடத்தைப் பிடித்து வைத்திருக்கலாம், கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்க. 691 என்றால் பேர் அல்லது பாஸ்வேர்டு தப்பு. 692 என்றால் மோடத்தையே பார்க்கணும். 678 என்றால் எதிர்ப்பக்கம் பதில் இல்லை. டெலிபோன் மோடக் காலத்தில் எங்களை வாட்டியது 680, டயல் டோன் இல்லை என்று அர்த்தம். போனைக் காதில் வைத்தால் டோன் கேட்கும், மோடத்துக்கு மட்டும் கேட்காது. ‘வெயிட் ஃபார் டயல் டோன்’ என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கும் முன் லைன்மேனை மூன்று தடவை வரவழைத்தோம், பாவம்.

அக்காவின் மோடம் க்வெரிக்குப் பதில் சொன்னது. அப்படியென்றால் கோளாறு சிம்மிலும் டவரிலும்தான். அவருடையது 3ஜி கார்டு. தனியார் கம்பெனிகள் 3ஜியைப் பெரும்பாலும் மூடிவிட்டன. ஜியோவில் தொடக்கத்திலிருந்தே 4ஜிதான், அந்த சிம்மை 3ஜி கார்டில் போட்டால் எந்த டிரைவராலும் ஒன்றும் செய்ய முடியாது. சிம் போடவே இடமில்லாத பழைய சி.டி.எம்.ஏ. ரகக் கார்டுகளும் சில வீடுகளில் கிடக்கின்றன. அந்தச் சேவைகள் நின்று சில வருடம் ஆகிவிட்டது. அதற்கு டிரைவர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீங்க.

எங்கள் யோசனை, கையில் இருக்கும் ஸ்மார்ட்போனையே மோடம் ஆக்குவதுதான். மடிக்கணினியில் வைஃபை இருந்தால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும், டேட்டா கார்டு டிரைவர் கதையே இல்லை. வைஃபை இல்லாத மேசைக் கம்ப்யூட்டர் என்றால் சார்ஜ் போடும் வயரால் இணைத்து, போன் செட்டிங்ஸில் யு.எஸ்.பி. டெதரிங் கொடுங்க. விண்டோஸ் 10 பெரும்பாலும் தானாக எடுத்துக்கொள்ளும். 7 சில நேரம் டிரைவர் கேட்கும். எக்ஸ்பி அடம் பிடிக்கும். வயரில் ஒரு சூட்சுமம், மலிவான சில வயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. போனோடு வந்த வயரைப் போட்டுப் பாருங்க.

அக்காவுக்கு ஹாட்ஸ்பாட் போட்டோம், வந்துவிட்டது. ஆனால் எந்தப் பக்கம் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை. மூலையில் தேதியைப் பார்த்தால் பத்து வருடத்துக்கு முந்தைய தேதி. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதியைத் திருத்தியதும் எச்சரிக்கை போய்விட்டது. மேசைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் 2032 என்ற எண் போட்ட வட்டப் பேட்டரி இருக்கும், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மடிக்கணினி என்றால் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

நெட் வந்துவிட்டது என்று இந்தப் பழைய கம்ப்யூட்டரில் வங்கி வேலை மட்டும் பார்க்காதீங்க. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் கம்பெனி வழக்கமான பாதுகாப்பை நிறுத்திவிட்டது. எக்ஸ்பியில் பல வங்கிப் பக்கங்கள் திறக்கவே திறக்காது, அதற்கு மோடத்தைக் குறை சொல்லக் கூடாது. கணக்கு எழுத, கடிதம் அடிக்க, பிள்ளைகள் படிக்க வைத்துக்கொள்ளுங்க.

கடைக்குப் போகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையாக வேலை செய்து தரும் தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோட் எண்ணை எழுதிய சீட்டோடு போய், “தம்பி, 28 காட்டுது, டிரைவர் மட்டும் போட்டுக் கொடுங்க, ஃபார்மேட் வேண்டாம்” என்று சொல்லுங்க. எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்க. மாற்றிய பொருளைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்க.

அந்த அக்கா அடுத்த கூட்டத்துக்கு ஒரு பென் டிரைவோடு வந்தார். மாதம் ஒரு முறை கணக்கைக் காப்பி எடுத்து, ஒன்றைக் குழுப் பெட்டியில் நோட்டுகளோடு வைக்கிறார்களாம். மற்ற குழுக்களுக்கும் எடுத்துத் தர நாங்கள் தயார். மாதக் கூட்டத்துக்கு வரும்போது கம்ப்யூட்டர், சார்ஜர், டேட்டா கார்டு, அதன் சிம், ஒரு பென் டிரைவ் இவ்வளவையும் கொண்டு வாங்க. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்தால் உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்கும்.